2 டிபி என்று விற்றார்கள், உள்ளே இருந்தது 64 ஜிபி மெமரி கார்டு: ரூ.3,899 போனது, கூத்துப் பதிவுகளும் போயின

இணையத்தில் போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான கையடக்கச் சாதனம்) அல்லது பெரிய கொள்ளளவு பென் டிரைவ் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். 2 டிபி, அதாவது 2000 ஜிபி கொள்ளளவு என்று சொல்லி ஒரு சாதனத்தை என்னிடம் ரூ.3,899-க்கு விற்றிருக்கிறார்கள். அதற்குள் இருந்தவை விரல்நகம் அளவுள்ள மெமரி கார்டு ஒன்று, அதைச் செருகிவைக்கும் கார்டு ரீடர் பலகை ஒன்று, எடைக்காக ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று, அவ்வளவே. நேற்றுதான் அதைப் பிரித்துப் பார்த்தோம். இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாரதக் கூத்தைப் படம்பிடித்துச் சேர்த்துவைக்கும் வேலையைச் செய்துவருகிறேன். நொடிக்கு 50 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு எம்பி) தரத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 22 ஜிபி பிடிக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணிக்கு முடியும் ஒரு கூத்துக்கு 180 ஜிபி வரை போகும். கேமராவில் போடும் கார்டுகளை அடுத்த இரவுக்குள் காலி செய்தாக வேண்டும் என்பதால், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய பெரிய டிரைவ் ஒன்று இல்லாமல் இந்த வேலை நடக்காது.

வாங்கிய இடம் எல்லோரும் அன்றாடம் பொருள் வாங்குகிற பெரிய இணைய அங்காடிதான். சந்து பொந்தில் கிடைத்த முகவரியன்று. அதில் இந்தச் சாதனத்துக்கு ஐந்துக்கு நான்குக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இருந்தன, ஆயிரக்கணக்கானோர் மதிப்பிட்டிருந்தனர், அங்காடியே உத்தரவாதம் தரும் விற்பனையாளர் என்ற முத்திரையும் இருந்தது. அந்த மதிப்பீடுகளை நேற்றிரவு உட்கார்ந்து கடைசி வரை படித்தபோதுதான், அவற்றில் பாதிக்கு மேல் கைபேசி உறையையும் சார்ஜர் வயரையும் பாராட்டி எழுதப்பட்டவை என்று தெரிந்தது. வேறொரு மலிவான பொருளுக்கு வந்த நட்சத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதே பக்கத்தில் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி இந்த டிரைவை ஏற்றியிருக்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அங்காடிக்கு உண்டா இல்லையா?

நான் நட்சத்திரங்களை மட்டும் பார்த்து வாங்கவில்லை. "இது உண்மையாகவே 2 டிபிதானா, பெரிய வீடியோ கோப்புகளைத் தாங்குமா?" என்று அந்தப் பக்கத்தின் கேள்விப் பகுதியில் கேட்டேன். அன்று மாலையே விற்பனையாளரிடமிருந்து பதில் வந்தது: "நூறு சதவீதம் ஒரிஜினல் சார், வீடியோ எடிட்டிங் செய்பவர்கள்தான் எங்களிடம் அதிகம் வாங்குகிறார்கள், நம்பி வாங்குங்கள்." கேட்ட கேள்விக்கு நேராக, என் தொழிலையே குறிப்பிட்டு, ஒருவர் உறுதி சொல்கிறார். அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் ரூ.3,899 கட்டினேன். தெரிந்தே சொன்ன பொய் அது.

பொருள் வந்தபோது பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அலுமினிய உடல், கையில் கனமாக இருந்தது, டைப்-சி துளை, பெட்டியின் மேல் நொடிக்கு 1050 எம்பி வேகம் என்ற எழுத்து. விண்டோஸில் செருகியதும் 1.95 டிபி என்று காட்டியது. முதல் இரவின் கூத்தைக் காப்பி செய்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தொடக்கத்துக் கோப்புகள் சிலவற்றைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தேன், படமும் ஒலியும் தெளிவாக இருந்தன. வேகம் மட்டும் நொடிக்கு 20 எம்பியைத் தாண்டவில்லை. நீல நிற யுஎஸ்பி 3 துளையில்தான் செருகியிருந்தேன். உடனே விற்பனையாளருக்கு எழுதினேன். "புதிய டிரைவ் முதலில் மெதுவாகத்தான் இருக்கும், போகப்போக வேகம் கூடும், ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள்" என்றார்கள். திருப்பி அனுப்புவதற்கான கெடுவும் சரியாக ஏழு நாள்தான் என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திருவிழா முடிந்து, தொகுப்பதற்காகக் கோப்புகளைத் திறந்தபோது முதல் இரவின் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் மட்டும் ஓடியது. கூத்தின் தொடக்கத்தில் கட்டியங்காரன் வந்து பேசுவது இருக்கிறது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. கோப்புகளின் பெயர்கள் இருக்கின்றன, தேதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அளவும் சரியாகக் காட்டுகிறது, திறந்தால் எதுவும் ஓடவில்லை. அர்ச்சுனன் தபசு மரம் ஏறிய இரவும், கடைசி நாள் காலை துரியோதனன் படுகளமும் பெயரளவில் மட்டுமே அந்த டிரைவில் இருக்கின்றன. வயதான கூத்து வாத்தியார் ஒருவர், தம் குழுவின் பாட்டுகள் தமக்குப் பின்னால் இருக்கட்டும் என்று, இந்த ஆண்டு முழுவதையும் பிடித்துவைக்கச் சொல்லியிருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் தரவு மீட்பு வேலை செய்யும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த தம்பி டிரைவைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தவுடனேயே முகம் மாறினார். ஓரத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி நெம்பினார். திருகாணி ஒன்றும் இல்லாத மூடி, கையோடு வந்துவிட்டது. உள்ளே மஞ்சள் நிறமான பசை கட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் பச்சைப் பலகை, அதன் மேல் பெயர் எதுவும் அச்சிடாத மைக்ரோ எஸ்.டி கார்டு, பக்கத்தில் இரும்புத் துண்டு. எஃப்-3 என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டினார். உண்மையான கொள்ளளவு 64 ஜிபி என்று வந்தது. "எழுதியிருந்தால் மீட்கலாம் அண்ணே, இதில் எழுதவே இல்லையே" என்றார். கூலியும் வாங்க மறுத்துவிட்டார்.

இந்த ஏமாற்று நடக்கும் விதத்தை அவர் சொல்லித்தான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். டிரைவின் கொள்ளளவைக் கணினி அளந்து பார்ப்பதில்லை. டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் சொல்லும் எண்ணை அப்படியே நம்பிக் காட்டுகிறது. அந்தச் சிப்புக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி 2 டிபி என்று சொல்லவைத்தால் விண்டோஸும் அதையே சொல்லும். நூறு மூட்டை பிடிக்கும் என்று எழுதிவைத்த குதிருக்குள் மூன்று மூட்டைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் என்னவோ, அதே கணக்குதான் இங்கேயும். உண்மையான இடம் நிறைந்த பிறகு வரும் தரவைச் சில போலி டிரைவுகள் எங்கும் எழுதாமல் விட்டுவிடும், சில பழைய தரவின் மேலேயே எழுதிவிடும். இரண்டிலுமே 'காப்பி முடிந்தது' என்ற பதில்தான் கணினிக்குப் போகும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது மட்டும் பிழைத்து, எல்லாம் இருப்பதைப் போலவே காட்டிக்கொண்டிருக்கும்.

வேகச் சோதனை செய்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முழுமையாக முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற மென்பொருள்கள் வழக்கமாக 1 ஜிபி அளவுள்ள சோதனைக் கோப்பை எழுதிப் படித்து வேகத்தைச் சொல்கின்றன. 64 ஜிபி உள்ள போலியிலும் அந்த 1 ஜிபி ஒழுங்காகவே எழுதப்படும். ஆனால் வரும் எண் ஒரு செய்தியைச் சொல்லும். என் டிரைவில் படிக்கும் வேகம் நொடிக்கு 38 எம்பி வந்தது. அது யுஎஸ்பி 2.0-இன் எல்லை. 480 மெகாபிட் என்று சொல்லப்படும் அந்த இணைப்பில் நடைமுறையில் 35 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கும். யுஎஸ்பி 3 வழியாக வரும் நல்ல எஸ்.எஸ்.டி 400 எம்பியைத் தொடும், 10 கிகாபிட் இணைப்பில் 1000 எம்பி வரை போகும். டைப்-சி துளை இருப்பதால் வேகம் வந்துவிடாது. அந்த வடிவத்துக்குள் யுஎஸ்பி 2.0 இணைப்பை வைத்து விற்க எந்தத் தடையும் இல்லை. உண்மையான எஸ்.எஸ்.டி-யிலும் முதல் சில ஜிபி வேகமாகப் போய், தற்காலிகச் சேமிப்புப் பகுதி நிறைந்தவுடன் வேகம் சரிவது உண்டு. ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல், 100 ஜிபி காப்பி செய்த பிறகு நிற்கும் வேகத்தைப் பார்த்துத்தான் ஒரு டிரைவை மதிப்பிட வேண்டும்.

இனி அங்காடியின் கதைக்கு வருகிறேன். வாடிக்கையாளர் சேவையின் அரட்டைப் பெட்டியில் முதலில் பேசியவர், ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது என்றார். அடுத்தவர், கோப்புகள் கெட்டதற்கு என் கணினியில் வைரஸ் இருக்கலாம், ஃபார்மேட் செய்து பாருங்கள் என்றார். ஃபார்மேட் செய்தால் இரும்புத் துண்டு எஸ்.எஸ்.டி ஆகிவிடுமா? உடைத்து எடுத்த படங்களை அனுப்பினேன். "பொருளைப் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது" என்று மூன்றாமவர் எழுதினார். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டதற்கு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதிவிட்டு அரட்டையை முடித்துவிட்டார். விற்பனையாளரோ, ரூ.200 தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்கிறார். ரூ.3,899 வாங்கிக்கொண்டு என் ஒரு பருவத்து உழைப்பை அழித்தவர்கள் பேசும் பேச்சு இது. அந்தப் பக்கம் இன்றும் விற்பனையில் இருக்கிறது, விலையும் அதே ரூ.3,899.

நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்ற பதிலையும் அங்காடியினர் சொல்லிப் பார்த்தார்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு அங்காடியும் குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும்; அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் எழுதியிருக்கிறேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ரூ.3,899-க்காக யார் அலைவார்கள் என்ற கணக்கில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். நான் அலைவேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இவ்வளவுதான் எழுத முடிகிறது. பெயர் தெரிந்த நிறுவனங்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு 2 டிபி கிடைக்கிறது என்றால் அது கிடைக்கப் போவதில்லை. 16 டிபி பென் டிரைவ் என்று எதைக் கண்டாலும் பக்கத்தை மூடிவிடுங்கள். விண்டோஸ் எண்ணும் முறை வேறு என்பதால் உண்மையான 2 டிபி டிரைவ் அதில் 1.81 டிபி அளவில்தான் காட்டும், என்னுடையதைப் போல 1.95 என்று காட்டாது. 256 ஜிபிக்கு மேற்பட்ட யுஎஸ்பி எஸ்.எஸ்.டி-க்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியில் 'ஆர்' (R) என்று தொடங்கும் எண் இருக்கிறதா, அது பிஐஎஸ் கேர் செயலியில் வருகிறதா என்று பாருங்கள். என் பெட்டியில் எண்ணே இல்லை. பெட்டியைத் திறப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். அன்றைக்கே உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் வேலிடிரைவ் மென்பொருளையோ எஃப்-3-இல் உள்ள விரைவுச் சோதனையையோ (f3probe) ஓட்டிவிடுங்கள், சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைக் கொண்டு முழுவதையும் எழுதிச் சோதிப்பதென்றால் 20 எம்பி வேகத்தில் 2 டிபிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும், எனவே ரிட்டர்ன் கெடுவுக்குள் முடியும்படி முதல் நாளே தொடங்குங்கள். சோதனை முடியும் வரை கேமரா கார்டிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். பொறுத்துப் பாருங்கள் என்று விற்பவர் சொன்னால் பொறுக்காதீர்கள், அன்றே திருப்பி அனுப்புங்கள்.