தவணைத் தேதி போட லிப்ரே ஆஃபீஸ் கால்க்

கட்டில், பீரோ, மிக்ஸி என்று தவணைக்கு விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். யாருக்கு அடுத்த தவணை எந்தத் தேதி என்று சொல்ல, லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற அட்டவணைக் கணக்கு மென்பொருளில், அதனோடு வரும் பேசிக் என்ற நிரல் மொழியில், சொந்தமாக ஒரு ஃபங்ஷன் (கொடுத்ததை வைத்து விடை தரும் சிறு நிரல்) எழுதிப் புழங்கி வருகிறேன். தேதிக் கணக்குக்கு இது ஒத்துவருமா என்றால், தாராளமாக வரும். அதன் போக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

செல்லில் 31-01-2025 என்று தெரிந்தாலும், ஃபங்ஷனுக்குப் போய்ச் சேருவது 45688 என்ற எண்தான். 30-12-1899 பூஜ்யம், அதிலிருந்து எண்ணிய நாள்கள். நேரம் பின்னமாக ஒட்டிக்கொண்டு வரும். பகல் 12 மணி என்றால் அரை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். எத்தனை நாள் தாமதம் என்று பார்க்க ஒரு கழித்தல் போதும். விடையையும் டபுள் எண்ணாகவே (பின்னமும் அடங்கும் எண்) திருப்பி அனுப்பிவிட்டு, செல்லுக்குத் தேதி வடிவம் கொடுத்துவிடுகிறேன்.

மாதம் கூட்டுவதற்கு பேசிக்கில் டேட்ஆட் (DateAdd) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28, லீப் வருஷமானால் 29 என்று சரியாகத் தருகிறது. ஆனால் அந்த 28-ஐ வைத்து மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும், 31 வராது. அதற்கப்புறம் எல்லாத் தவணையும் 28-இலேயே நின்றுவிடும். அதனால் எப்போதும் கணக்கு தொடங்கிய தேதியையும் எத்தனையாவது தவணை என்பதையும் கொடுத்து, அங்கிருந்தே எண்ண வேண்டும். மாதக் கடைசியில் பொருள் எடுத்தவருக்குத் தேதி நகர்ந்தால் வட்டியிலும் வந்து நிற்கும், இதில் அலட்சியம் கூடாது.

காலி செல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதால், ஒரு மாதம் கூட்டினால் 1900 ஜனவரி 30 என்று காட்டும். ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அதைச் சோதித்து, விடையை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் பட்டியல்களில் தேதி எழுத்தாகவே இருக்கும். 03/04/2025 மார்ச்சா ஏப்ரலா என்ற முடிவை, எழுத்தைத் தேதியாக மாற்றும் சிடேட்டிடம் (CDate) விடாதீர்கள். கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து அது தன் போக்கில் முடிவு செய்யும். நாள், மாதம், வருஷத்தைத் தனித்தனியாக வெட்டி, மூன்றையும் சேர்த்துத் தேதியாக்கும் டேட்சீரியலுக்குக் (DateSerial) கொடுப்பதுதான் பத்திரம். 2025-04-03 என்ற வடிவில் வந்தால் அதற்கென்றே சிடேட்ஃப்ரம்ஐஎஸ்ஓ (CDateFromIso) இருக்கிறது, வேலை சுலபம்.

பழைய மேக் எக்செல் கோப்புகள் சில 01-01-1904-ஐத் தொடக்கமாகக் கொண்டிருக்கும். பேசிக் 1899-இலிருந்தே எண்ணும் என்பதால் விடையில் 1462 நாள் வித்தியாசம் வரும். கால்க் ஆப்ஷன்ஸில் கால்குலேட் பக்கத்தில் அந்தக் கோப்பின் தொடக்க நாளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1900-க்கு முந்திய தேதிகளை எக்செல் தாள் தேதியாக ஏற்காது. கால்க் கழித்தல் குறியோடு எண்ணாக வைத்துக்கொண்டு ஒழுங்காகக் காட்டும். பழைய பத்திரங்களை அட்டவணை போடுபவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

லிப்ரே ஆஃபீஸைக் காசு கட்டி வாங்க வேண்டியதில்லை, இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஃபங்ஷனைக் கோப்புக்குள் வைத்து வேறு கணினிக்கு அனுப்புகிறீர்களா? அங்கே மேக்ரோவுக்கு (கோப்புக்குள் இருக்கும் நிரலுக்கு) அனுமதி இல்லாவிட்டால் தேதி வரவேண்டிய இடத்தில் பிழைதான் வரும். கோப்பை வைக்கும் கோப்புறையை அந்தக் கணினியிலேயே நம்பகமான இடமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.