ஏழு வருஷமாகக் கழற்றி மாட்டும் மோதிரம்

போன வாரம் என் நிச்சய மோதிரம் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. இது இரண்டாவது பழுது. கல்லைப் பிடித்திருக்கும் ஆறு கொக்கிகளில் இரண்டின் நுனி தேய்ந்திருந்தது, மூன்றாவது ஒன்று லேசாக நிமிர்ந்திருந்தது. நுனிகளில் புதிதாகத் தங்கம் ஏற்றி, உருட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சுத்தமான வேலை. அன்றைக்கே என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "அக்கா, நான் கட்டிக்கப்போற பொண்ணுக்கு மோதிரம் எடுக்கணும். உங்களுது மாதிரியே எடுத்திடட்டுமா?" என்று கேட்டான். எடுக்காதே என்றேன். ஏன் என்று நிதானமாகச் சொல்ல அப்போது நேரமில்லை.

அழகில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒற்றை வட்ட வைரம், வளையத்துக்கு மேலே உயர்த்தி, ஆறு கொக்கிகளில் நிற்கிறது. 1886இல் டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனம் கொண்டுவந்து பிரபலமாக்கிய அமைப்பு இது. கல்லை வளையத்துக்குள் புதைக்காமல் தூக்கி நிறுத்துவதால் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் உள்ளே போகும். ஏழு வருஷம் கழித்தும், ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது எழுதும்போது சுவரில் சின்னச் சின்ன வண்ணப்புள்ளிகள் ஓடுவதைப் பார்த்து எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன். என் கணவர் யோசித்துத்தான் எடுத்தார். நான் பெரிதாக நகை போடாதவள், சின்னத் தோடுதான் போடுவேன் என்பதையெல்லாம் கவனித்திருக்கிறார். என் ரசனையை அவர் சரியாகவே கணித்தார்.

என் கையைத்தான் அவர் கவனிக்கவில்லை.

நான் கால்நடை மருத்துவர். ஒரு நாளில் எத்தனை முறை கையுறை மாட்டிக் கழற்றுகிறேன் என்று எண்ண முடியாது. அந்தக் கொக்கிகள் உள்ளிருந்தே கையுறையைக் கிழிக்கும். நாயின் ரோமம் சிக்கும், துண்டின் நூல் சிக்கும், இரவில் என் தலைமுடியே சிக்கும். அதனால் வேலைக்குள் நுழைந்ததும் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வேன். ஒரு நாள் கழற்ற மறந்துபோய்க் கையுறையை உருவினேன். மோதிரமும் அதோடு சேர்ந்து கழிவுக் கூடைக்குள் போய்விட்டது. கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு கையுறையாகப் பிதுக்கிப் பார்த்த அந்த நேரத்தில் என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. நகை என்று வாங்கியது என்னை இப்படிப் பயமுறுத்தக் கூடாது. இது இப்போதும் எனக்குக் கோபம்தான்.

வைரம் கடினமானது, ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அதற்கு 10, அதுதான் உச்சம், சரி. ஆனால் அந்த 10 கீறலைத் தாங்குவதற்கான கணக்கு. சில திசைகளில் பலமான அடி விழுந்தால் வைரமும் பிளக்கும். அது போக, அதைப் பிடித்திருப்பது தங்கம். துணியில் உரசி, மேசையில் இடித்து, கொக்கி நுனிதான் தேய்கிறது. நான்கே கொக்கி உள்ள மோதிரமாக இருந்தால் ஒன்று போனாலே கல் ஆடத் தொடங்கிவிடும். ஆறு இருந்ததால் என் கல் தப்பித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். சன்னமாகக் கலகலத்தால் கல் தளர்ந்திருக்கிறது. பஞ்சை மேலே இழுத்துப் பார்த்து இழை சிக்கினால் கொக்கி நிமிர்ந்திருக்கிறது. இதெல்லாம் நான் தாமதமாகக் கற்றது.

மோதிரம் வெள்ளைத் தங்கம். மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்து, உள்ளங்கைப் பக்கம் மஞ்சளடிக்கிறது. மறுபடி பூசினால் சரியாகிவிடும், அது எனக்குப் பெரிய விஷயமில்லை. கல் மங்குவதும் அப்படித்தான். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும், கைக்குப் போடும் க்ரீம் போதும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் இருந்தால் வீட்டிலேயே பழைய பளபளப்பு வந்துவிடும்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் வயலின் கற்றுக்கொடுக்கிறாள். இடது கை விரல்கள் நாளெல்லாம் தந்தியின் மேல். அந்தக் கையில் உயரமான கல் இருந்தால் வாத்தியத்தில் இடிக்கும், கழற்றித்தான் வைப்பாள். அவளுக்குக் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு கட்டிய பெசல் அமைப்புதான் சரி. தாழ்வாக இருக்கும், எதிலும் சிக்காது. பக்கவாட்டு வெளிச்சம் கொஞ்சம் குறையும், குறையட்டும். பச்சைக் கல் பிடிக்கும் என்றால், மரகதம்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அதற்குக் கடினம் 7.5 முதல் 8 வரைதான். பெரும்பாலான மரகதங்களில் உள் விரிசலை எண்ணெயால் நிரப்பியிருப்பார்கள், தினசரி இடிபாடுகளுக்கு அது ஆகாது. நீலக்கல்லின் இனத்திலேயே பச்சை நிறமும் உண்டு, கடினம் 9. அப்புறம், வளையம் முழுக்கக் கல் பதித்தது வேண்டவே வேண்டாம். அளவை மாற்ற இடமிருக்காது. விரலோ காலையில் ஒரு மாதிரி, வெயில் நேரத்தில் வீங்கி வேறு மாதிரி.

பட்டறைக்காரர் கேட்டார், "இதையும் விளிம்பு கட்டினதா மாத்திடலாமே?" மேலே சொன்ன எல்லாக் காரணங்களும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். சுவரில் ஓடும் அந்தப் புள்ளிகளை விட மனம் வரவில்லை.

இன்று காலை ஒரு பூனைக்கு அறுவை சிகிச்சை. மோதிரம் சங்கிலியில் இருந்தது. மாலையில் மறுபடி விரலுக்கு வந்திருக்கிறது. தம்பி, நீ விளிம்பு கட்டியதாகவே எடு.