பாயா ஜமுக்காளமா, பிரம்பா மூங்கிலா: நம் வீட்டுக் கூடத்துக்கு எது பொருந்தும்?

வீட்டை இயற்கையோடு ஒட்டி அலங்கரிக்க வேண்டும் என்று கடைக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது இலைப் படம் அச்சடித்த குஷன் உறை, மர ரேகை ஒட்டிய டீப்பாய், பிரம்பு மாதிரியே பின்னிய பிளாஸ்டிக் நாற்காலி. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வழவழப்பு. அவற்றை இங்கே நான் சேர்க்கவில்லை. புல், நார், பஞ்சு, கொடி, மரம் என்று இயற்கைப் பொருளிலேயே செய்தவற்றை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

மூன்று கேள்விகள் போதும். சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் தாங்குமா? அழுக்கானால் என்ன செய்வது? பழுதானால் நம் ஊரில் யார் சரிசெய்வார்? பலரும் மூன்றாவதைக் கேட்பதே இல்லை. என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி.

தரையில் எதை விரிப்பது

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நடமாடும் வீடுகள் நம்முடையவை. அதனால் விரிப்பு நமக்குப் பார்க்கிற பொருள் மட்டும் இல்லை, நாள் முழுக்க உள்ளங்காலில் படுகிற பொருள். கோடையில் கம்பளி கார்பெட்டில் கால் வைத்தால் ஏற்படுகிற புழுக்கத்தை நினைத்தாலே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். உதகையிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் வேறு கதை.

சமவெளியில் போட்டி கோரைப்பாய்க்கும் பவானி ஜமுக்காளத்துக்கும்தான்.

கோரையில் உச்சம் பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையை வைத்து நெய்வது. பெரும்பாலும் அந்த ஊர் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்களின் கைவேலை. பச்சையாக அறுத்த கோரையைப் பச்சை நிறம் போகும்வரை காயவைத்து, கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, கத்தியால் மெல்லிய இழைகளாகக் கிழித்து, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவில் கோத்து நெய்வார்கள். நயமான பாயில் 100 முதல் 140 பாவு வரை ஓடும். அந்தப் பாயைக் கையில் எடுத்தால் துணி மாதிரி துவளும். சாதாரணக் கோரைப்பாய் இப்படித் துவளாது. காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கம் விளையும் கோரையில் நெய்யும் பாய்கள் கனமாக, முரடாக இருக்கும். விலையும் பல மடங்கு குறைவு.

பத்தமடைப் பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் கோரை மாதிரியே நெய்த பிளாஸ்டிக் பாய்தான் இன்று பெரும்பாலான வீடுகளில் கிடக்கிறது. கழுவ எளிது, மலிவு என்பது உண்மைதான். ஆனால் வெயில் காலத்து மதியத்தில் அதன்மேல் படுத்து எழுந்தால் முதுகெல்லாம் வியர்வை ஒட்டியிருக்கும். கோரை வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், சூடு தங்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கோரையின் பக்கம்.

அதற்குக் குறையும் உண்டு. மடித்தால் மடிப்பில் இழை ஒடியும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். கனமான சோபாக் காலை அதன்மேல் வைத்தால் அந்த இடம் நைந்துபோகும். மழைக்காலத்தில் ஈரத்தரையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், அப்புறம் அது போகவே போகாது. காபி கொட்டினால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்து நிழல்காற்றில் உலர்த்த வேண்டும். தினமும் சுருட்டி, தரையைப் பெருக்கி, மறுபடி விரிக்கிற பழக்கம் உள்ள வீட்டில் பாய் நீண்ட நாள் உழைக்கும். ஒருமுறை விரித்தால் பொங்கல் வரை எடுக்காத வீட்டுக்கு அது சரிப்படாது.

அந்த வீட்டுக்கு ஜமுக்காளம் சரி. ஈரோடு மாவட்டம் பவானியில் குழித்தறியில் நெய்வது. தடிமனான பருத்தி நூலில், அகலமான பட்டைப் பட்டையான நிறங்களோடு வரும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஊர்க்கூட்டத்திலும் நாம் உட்கார்ந்து பழகியது. அதற்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதற்கும் முன்னால், 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமுக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய ரகங்களில் சேர்த்தது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டியது அதே பெயரில் கடைக்கு வருகிறது, விலையிலும் கைத்தறியை அடிக்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் பவானியில் தறி ஓடும்.

பயன்பாட்டில் ஜமுக்காளத்துக்குப் பெரிய பலம், துவைக்கலாம் என்பதே. முதல் இரண்டு துவைப்பில் சாயம் கொஞ்சம் இறங்கலாம், அதனால் தனியாக அலசுங்கள். மடிக்கலாம், பீரோவில் வைக்கலாம், சோபாவை மேலே போடலாம். குழந்தையும் நாயும் உள்ள வீட்டில் இதற்கு ஈடு கிடையாது. பருத்தி என்பதால் புழுக்கம் குறைவு. ஆனாலும் கோரை தரும் குளிர்ச்சி இதில் இல்லை.

பொருத்தத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜமுக்காளத்தின் பட்டைகள் அழுத்தமானவை. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் பக்கத்திலேயே நிற்கும். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதை விரித்தால் இரண்டும் சண்டை போடும். அந்தத் தரையில் எதையும் விரிக்காமல் விடுவதே நல்லது, விரித்தே ஆக வேண்டும் என்றால் நிறம் ஏற்றாத கோரைப்பாய். சிவப்பு சிமெண்டுத் தரைக்கும் அதே வெளிர்க் கோரைதான் எடுப்பாக இருக்கும். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் உள்ள வெளிர் டைல்ஸ் தரை மொட்டையாகத் தெரியும். அங்கே ஜமுக்காளத்தின் நிறம் கூடத்தையே தூக்கி நிறுத்தும். சாயம் குறைத்த, இரண்டே நிறப் பட்டை போட்டவையும் வருகின்றன, தேடிப் பாருங்கள்.

தென்னை நாரும் சணலும் இந்தப் பந்தயத்தில் அடுத்த வரிசை. கயிற்றுப்பாய்க்கு ஆலப்புழை பெயர்பெற்ற இடம், நம் பக்கம் பொள்ளாச்சி வட்டாரம் நாருக்குப் பேர்போனது. தென்னை நார் ஈரத்துக்குச் சட்டென்று அழுகாது. பழைய முறையில் காயலில் மாதக்கணக்கில் தேங்காய் மட்டையை ஊறவைத்துத்தானே நாரையே பிரிப்பார்கள்! அதனால் வாசலுக்கும் பால்கனிக்கும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார முடியாது, குத்தும்.

சணல் விரிப்பு படத்தில் பார்க்க மிக அழகு. அந்தப் பொன்பழுப்பு நிறத்துக்கு மயங்கி வாங்குகிறவர்கள் நிறைய. சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றின் ஈரத்தைக் குடித்து வாடை அடிக்கும், தண்ணீர் பட்டால் பழுப்புக் கறை நிற்கும், துவைக்கவும் முடியாது. கோயம்புத்தூர், தருமபுரி மாதிரி கொஞ்சம் வறண்ட காற்றுள்ள ஊரில், சாப்பாட்டு மேசைக்குத் தள்ளி ஒரு மூலையில் போடலாம்.

உட்காருவதற்கு: பிரம்பும் மூங்கிலும்

இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. மூங்கில் புல் வகை, உள்ளே பொள்ளல். பிரம்பு, மரங்களைப் பிடித்து ஏறும் முள்ளுள்ள பனை வகைக் கொடி, உள்ளே கெட்டி. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் வருகின்றன. பிரம்பைச் சூடு காட்டி வளைத்தால் வளைந்த வடிவத்திலேயே நிற்கும். அதனால் பிரம்பு நாற்காலியில் கைப்பிடியும் முதுகும் ஒரே கோடாக ஓடுவதைப் பார்க்கலாம். மூங்கிலில் நேர்க்கோடுகள்தான் இயல்பு. ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளந்துவிடும், அதனால் நல்ல தச்சர் துளையிட்டு முளை அடிப்பார், கயிறு கட்டுவார். ஆணித் தலை தெரிகிற மூங்கில் நாற்காலியைக் கடையில் பார்த்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

மூங்கிலின் பெரிய எதிரி துளைப்பூச்சி. தண்டில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் அது வருகிறது. வெட்டிய மூங்கிலை நீரில் ஊறப்போட்டு அந்தச் சத்தைக் கரைப்பது பழைய வழி. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்துவது இன்றைய வழி. இரண்டில் எதுவும் செய்யாத மூங்கில், வாங்கிய கொஞ்ச நாளிலேயே தரையில் மெல்லிய மாவைக் கொட்டத் தொடங்கும். கடையிலேயே நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசி அளவு ஓட்டையோ மாவோ இருந்தால் வேண்டாம். பதப்படுத்தியதா என்று கேட்டால் கடைக்காரர் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும்.

மூங்கிலுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும், வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து 2017-ல் வனச் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. விவசாயி தன் நிலத்தில் வளர்த்து வெட்டி விற்க வழி திறந்தது. தேக்கு வளரும் காலத்தோடு ஒப்பிட்டால் பூமிக்கு இது எவ்வளவோ இலகு.

அப்படியும் கூடத்துக்கு ஒரே ஒரு நாற்காலி வாங்கப் போகிறீர்கள் என்றால் பிரம்பையே சொல்வேன். காரணம் பழுதுபார்ப்பு. சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கொள்ளிடம் பக்கத்தில் தைக்கால் என்று ஓர் ஊர் இருக்கிறது. சாலையோரம் முழுக்கப் பிரம்புக் கடைகள்: நாற்காலி, ஊஞ்சல், தொட்டில், கூடை. பிரம்பு வெளியூரிலிருந்து வருகிறது, கைவேலை அங்கே நடக்கிறது. அதுபோலச் சென்னை, மதுரை, திருச்சி எங்கும் பின்னல் போடத் தெரிந்தவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். பழைய அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலை, பார்வையற்றோர் பலர் கற்று வாழ்ந்த தொழிலும்கூட. ஐந்தாறு வருடம் கழித்து இருக்கை அறுந்தாலும் சட்டம் அப்படியே நிற்கும், பின்னலை மட்டும் மாற்றினால் போதும். சும்மா தொய்ந்திருந்தால் அதுகூட வேண்டாம். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, யாரும் உட்காராமல் காயவிட்டால் பின்னல் இறுகிவிடும். நுரை மெத்தை அமுங்கிப்போன சோபாவை இப்படி மீட்க முடியுமா?

இன்னொரு காரணமும் என் மனதில் உண்டு. பிரம்பு ஏறுவதற்கு மரங்கள் நிற்க வேண்டும். காடு காடாக இருந்தால்தான் பிரம்பு. அதை வெட்டி வாழ்கிறவருக்கு மரத்தை விட்டுவைப்பதில் லாபம் இருக்கிறது.

மழை நேராக அடிக்கும் மொட்டைமாடிக்கு இரண்டுமே வேண்டாம். அங்கே ஒரு கருங்கல் பலகையைப் போடுங்கள், அதுவும் இயற்கைதானே.

மரம் என்று வந்தால்

தேக்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஓரத்தில் தெரியும் வெளிறிய பகுதிக்கு அந்த உறுதி கிடையாது, விலையை மட்டும் தேக்கு விலையாகவே சொல்வார்கள். ரோஸ்வுட் எனப்படும் ஈட்டியை விட்டுவிடலாம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே போட்டது.

நான் வாதாடுவது பழைய மரத்துக்காக. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் ஒரு தெருவாகவே இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளுக்காகப் பர்மாவிலிருந்து வந்த தேக்கு, அந்த வீடுகள் பிரிக்கப்படும்போது கதவாக, தூணாக, ஜன்னலாக அங்கே வந்து சேர்கிறது. ஒரு கதவுப் பலகையை உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்தால் சாப்பாட்டு மேசை ஆகிவிடும். எப்போதோ நன்றாகக் காய்ந்து முடிந்த மரம் என்பதால் இனி கோணிக்கொள்ளும் பயம் குறைவு. உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா, அடிப்பாகத்தைக் கரையான் தின்றிருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். அந்த அலைச்சலுக்கு நேரமில்லை என்றால் வேம்பு, பூவரசு, மா, பலா என்று உள்ளூர் மரத்தில் செய்யச் சொல்லலாம். ரப்பர் மரச் சாமான்கள் பால் வற்றிய மரத்தை வீணாக்காமல் செய்தவை, உள்ளறைக்குச் சரி, தண்ணீர் படக்கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஐப்பசியில் ஓரம் உப்பும்.

ஜன்னலுக்கும் மூலைக்கும்

வெட்டிவேர்த் தட்டிக்கும் மூங்கில் தட்டிக்கும் தேர்வு ஊரைப் பொறுத்தது. வெட்டிவேர் கடலூர் மாவட்டக் கரையோர மணலில் விளைகிறது, ஆனால் நனைத்த தட்டி நன்றாக வேலை செய்வது உள்நாட்டில்தான். மதுரை, சேலம், வேலூரின் வறண்ட கோடைக் காற்று ஈரத்தை வேகமாக உறிஞ்சி அறையைக் குளிரவைக்கும். வாசனை கூடுதல் பரிசு. சென்னையில் காற்றே ஈரமாக இருக்கும்போது தட்டியை நனைத்தால் புழுக்கம்தான் மிச்சம். அங்கே மூங்கில் தட்டி போதும். ஆனால் அதை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே தொங்கவிட்டால் கண்ணாடியைத் தாண்டி வெப்பம் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும்.

சிறு பொருள்களில் எனக்குப் பிடித்தது செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான். சாவி, பழம், பூ எதையும் போடலாம், சாயம் போட்ட ஓலையின் நிறமே அலங்காரம். பிளாஸ்டிக் இலைகளுக்குப் பதிலாக உண்மையான மணி பிளாண்ட், மானாமதுரை மண் தொட்டியில். மெருகு போடாத மண் தொட்டி நீரைக் கசியவிடும், அதனால் அடியில் தட்டு வைத்தே ஆக வேண்டும். அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவ முடியாது என்றால் தட்டை எடுத்துவிட்டுத் தொட்டியை வெளியே வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் ஒரு நல்ல கோரைப்பாய் வாங்குங்கள், தினமும் எடுத்து விரிக்க ஆள் இல்லாத வீடானால் ஜமுக்காளம். அடுத்த போனஸில் பிரம்பு நாற்காலி. மேசையை அவசரப்பட்டு வாங்காதீர்கள், காரைக்குடிப் பக்கம் போகிற நாள் வரை அது காத்திருக்கலாம்.