வேலூர் வெயிலில் டீப்கூல் ஏகே400 கூலர்

இன்டெல் கோர் ஐ7-12700 ப்ராசஸரை வாங்கினால், அதே பெட்டிக்குள் அதன் சூட்டைத் தணிக்கும் லாமினார் ஆர்எம்1 என்ற சிறிய கூலரும் சேர்ந்தே வருகிறது. கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சவும் பயன்படும் கணினிக்கு அது போதும். மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்யும் (தொகுத்த காட்சிகளை முழு வீடியோவாக உருவாக்கும்) கணினிக்கு, அதுவும் அக்னி நட்சத்திரத்து வேலூரில், அது போதாது. இந்த ப்ராசஸரின் அடிப்படை மின்நுகர்வு 65 வாட் என்று குறிப்பிடும் இன்டெல், டர்போ எனும் கூடுதல் வேக நிலையில் அது 180 வாட் வரை எடுக்கலாம் என்பதையும் அதே பட்டியலில் சொல்கிறது. டர்போ சிறிது நேரத்துக்கு மட்டுமே என்ற கட்டுப்பாட்டையோ பல மதர்போர்டுகள் ஆலையிலிருந்து வரும்போதே தளர்த்தி வைத்திருக்கின்றன. என் அறையில் மின்விசிறி ஓடியும் வெப்பநிலை 34 டிகிரியாக இருந்த ஒரு பிற்பகலில் ரெண்டரைத் தொடங்கியபோது, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ப்ராசஸரின் வெப்பம் ஒரு நிமிடத்துக்குள் 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. இந்த ப்ராசஸருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு அதுதான். அதைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணினி அணைந்துவிடுவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. வேலை மட்டும் இழுத்துக்கொண்டே போகும்.

இந்த நிலையில்தான் பெட்டியோடு வந்த ஸ்டாக் கூலரைக் கழற்றிவிட்டு டீப்கூல் நிறுவனத்தின் ஏகே400 கூலரைப் பொருத்தினேன். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும் பொருள் இது. நான் வாங்கியபோது மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. நான்கு தாமிரக் குழாய்கள், அவற்றின் மேல் கோக்கப்பட்ட அலுமினியத் தகடுகள், பக்கவாட்டில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், அவ்வளவுதான் இதன் கட்டமைப்பு. குழாய்களுக்குள் காற்று நீக்கப்பட்டு, மிகச் சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவாக இருப்பதால் அத்திரவம் ப்ராசஸரின் சூட்டிலேயே ஆவியாகி மேலே சென்று, தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கீழே திரும்புகிறது. இதில் பழுதாகக்கூடிய அசையும் உறுப்பு ஃபேன் ஒன்றே. அது போனாலும் வேறொரு 120 மில்லிமீட்டர் ஃபேனை மாட்டிக்கொள்ளலாம். தண்ணீர்க் கூலர்களைத் தவிர்த்து இந்த வகையை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதன்மையான காரணம்.

பொருத்துவதில் பெரிய சிரமம் இல்லை என்றாலும் பொறுமை வேண்டும். முதலில் கணினியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு மின்சாரத்தைத் துண்டித்துப் பழைய கூலரைக் கழற்றுவது நல்லது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசிய பழைய பேஸ்ட் சூட்டில் இளகியிருப்பதால் கூலர் எளிதாகப் பிரிந்துவரும். ஏஎம்4 சாக்கெட் உள்ள ஏஎம்டி கணினிகளில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் உலர்ந்த பேஸ்ட் ப்ராசஸரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் ஊசிகளை வளைத்துவிடக்கூடும். இன்டெல் பக்கம் மதர்போர்டின் பின்புறம் ஒரு தாங்குதகட்டை வைத்துத்தான் புதிய கூலரை முடுக்க வேண்டும். கேபினெட்டின் (கணினியின் வெளிப்பெட்டி) பின்சுவரில் அதற்கான திறப்பு போதிய அளவில் இருந்தால் மதர்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. இல்லையெனில் அரைநாள் வேலை. இரண்டு திருகுகளையும் ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக முடுக்கினால்தான் அடிப்பாகம் ப்ராசஸரின் மேல் சமமாக உட்காரும். அடிப்பாகத்தில் ஒட்டியுள்ள பாதுகாப்புத் தாளை உரித்தாயிற்றா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனைப் பிடித்து நிறுத்தும் கம்பிக் கொக்கிகள் மட்டும் விரலைப் பதம் பார்க்கின்றன; இந்த விலையில் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி முடிவுகளுக்கு வருகிறேன். அதே 34 டிகிரி அறையில், மின்வரம்பை (ப்ராசஸர் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவை) மாற்றாமல் ப்ராசஸரை 180 வாட் வரை ஓடவிட்டபோது வெப்பம் 97 டிகிரியில் நின்றது. அதாவது வேகம் குறையவில்லை, ஆனால் குறைவதற்கு மூன்றே டிகிரி பாக்கி. இந்தக் கூலர் 220 வாட் வரை தாங்கும் என்று டீப்கூல் விளம்பரப்படுத்துகிறது. நம் ஊர் மே மாதத்தில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்தக் காற்றுக் கூலரும் அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. அறை 24 டிகிரியாக இருந்தால் அதே சுமையில் அதே கூலர் ஏறத்தாழ 87 டிகிரியைக் காட்டியிருக்கும். குளிர்நாடுகளில் எடுத்த சோதனைக் காணொளிகளைப் பார்த்து இங்கே கூலர் வாங்குபவர்கள், அந்தப் பத்து டிகிரியைத் தாமாகவே கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் கூலரும் இதற்கு விலக்கு அன்று. அதுவும் கடைசியில் வெப்பத்தை இதே அறைக்காற்றில்தான் கொட்டுகிறது.

எனவே மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் சென்று நீண்டநேர மின்வரம்பை 125 வாட் என்று நிர்ணயித்தேன். வெப்பம் 78 டிகிரிக்கு இறங்கியது. ரெண்டர் நேரத்தில் கூடியது சொற்பமே, ஏனெனில் இந்த ப்ராசஸர் கடைசி ஐம்பது வாட்டைச் செலவழித்து வாங்கும் வேகம் மிகக் குறைவு. பத்து மடங்கு விலையுள்ள கூலரைத் தேடி அலைவதற்கு முன் அனைவரும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். ஃபேன் நிமிடத்துக்கு 500 முதல் 1850 சுற்றுகள் வரை சுழலக்கூடியது. 125 வாட் சுமையில் அதன் ஒலி, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் ஒலிக்குள் அடங்கிவிடுகிறது. முழு வேகத்தில் மட்டும் ஓர் இரைச்சல் தனியாகக் கேட்கிறது. இரவு நேரத்தில் ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு அது இடைஞ்சலாக இருக்கலாம்.

கூலரைப் பற்றி எழுதும்போது கேபினெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் கேபினெட்டின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி; விளக்கொளி அழகாகத் தெரிகிறது, காற்று நுழைய வழியில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டியபோது வெப்பம் 78 டிகிரியிலிருந்து 71 டிகிரிக்கு வந்தது. இது எவரும் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை. மூடியைத் திறந்தால் நாலைந்து டிகிரிக்கு மேல் குறைகிறது என்றால் குற்றம் கூலரிடம் இல்லை, கேபினெட்டிடம் இருக்கிறது. அதற்காக மூடியைத் திறந்தே வைத்து எதிரில் டேபிள் ஃபேனை ஓடவிடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெருப்புழுதி படியும் வீடுகளில் சில வாரங்களிலேயே தகடுகளுக்கு இடையே தூசி கம்பளிபோல் அடைத்துக்கொண்டு, குறைந்திருந்த வெப்பம் முழுவதும் திரும்பி வந்துவிடும். முன்புறம் வலைத்தகடு உள்ள கேபினெட்டில், முன்னால் இரண்டு ஃபேன்கள் காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்றுவதே சரியான அமைப்பு. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் இது இன்னும் அவசியம், ஏனெனில் அந்தக் கார்டு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் கேபினெட்டுக்குள்ளேயே வீசுகிறது.

தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கைகளை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயரின் வேகத்தில் அவை கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். கணினி சூடாகிறது என்று எடுத்துச் சென்றால் விண்டோஸை ஃபார்மட் செய்யச் சொல்லும் சர்வீஸ் கடைகள் இன்றும் இருக்கின்றன. இந்தத் தூசியை ஊதி, பேஸ்டைப் புதுப்பிக்கக் கேட்டாலே பல கணினிகளுக்குப் போதும். மாறாக, உங்கள் கணினி வேகம் குறையாமலேயே சட்டென்று அணைந்துவிடுகிறது என்றால் புதிய கூலர் வாங்க அவசரப்பட வேண்டாம். இன்றைய ப்ராசஸர்கள் சூடானால் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும்; திடீரென்று அணைவதற்கு, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் காரணமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

ஐ5-12400, ரைசன் 5 5600 போன்ற ஆறு கோர் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஏகே400 தாராளமாகப் போதும். மின்வரம்பைக்கூடத் தொட வேண்டியதில்லை. ஐ7 வைத்திருப்பவர்கள் என்னைப்போல் வரம்பைக் குறைக்க உடன்பட்டால் வாங்கலாம். 180 வாட்டையும் இடைவிடாமல் ஓட்டியே தீர வேண்டும் என்பவர்கள், இன்னும் சற்றுப் பணம் சேர்த்து, ஆறு குழாய்களும் இரண்டு ஃபேன்களும் கொண்ட தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ பக்கம் போவதே நல்லது. நாக்டுவா என்எச்-டி15 அதைவிடவும் சிறந்ததுதான், ஆனால் அதன் விலையில் இங்கே ஒரு நல்ல மதர்போர்டு வாங்கிவிடலாம்.

வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்து ஒன்றை அளந்துகொள்ளுங்கள். ஏகே400-இன் உயரம் 155 மில்லிமீட்டர். அலுவலகங்கள் கழித்துக்கட்டி விற்கும் ஒல்லியான பிராண்டட் கணினிகளுக்குள் இது நுழையாது. அவற்றில் பல மாடல்கள் தமக்கேயுரிய திருகு அமைப்பைக் கொண்டிருப்பதால் வேறு கூலரும் எளிதில் பொருந்தாது. அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் தூசியை அகற்றி, பேஸ்டை மாற்றி, பயாஸில் டர்போவை அணைக்க வழியிருந்தால் கோடை முடியும் வரை அணைத்து வைக்கலாம். ஒரு குழல் பேஸ்ட் விலைக்கு மேல் அதற்குச் செலவில்லை.