பதவியைக் கொடுத்து ஓவர்டைமை எடுத்தால் எங்கே போவது? சம்பளத் தகராறைப் பேசித் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் சேவை பற்றி

நான் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் பிழைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் 'அசிஸ்டெண்ட் சூப்பர்வைசர்' என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். சம்பளத்தில் 50 வெள்ளி கூடியது, ஓவர்டைம் நின்றது. கேட்டதற்கு, "நீங்க இப்போ சூப்பர்வைசர்" என்றார்கள். வேலை என்னவோ அதே வேலைதான், அதே பேலட், அதே லாரி.

என்டியுசி, அதாவது தொழிற்சங்கக் கூட்டமைப்பின் உறுப்பினர் அட்டையை நான் வைத்திருந்ததே ஃபேர்பிரைஸ் கடைச் சலுகைக்காக. எங்கள் கம்பெனியில் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் கிடையாது. ஆனாலும் உறுப்பினர் என்றால், டிஏடிஎம் நடத்தும் முத்தரப்பு சமரசப் பேச்சுக்குச் சங்கத்து ஆள் கூட வருவார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. கேட்கக்கூடிய தொகையின் வரம்பும் 20,000 வெள்ளியிலிருந்து 30,000 ஆகிறது. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. அடிப்படைச் சம்பளம் 2,800. அதை 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரம் 44 மணி என்று வகுத்தால் மணிக்கு 14.69 வெள்ளி. ஒன்றரை மடங்கு 22.03. வராமல் போன 96 மணிக்கு 2,115 வெள்ளி.

சங்கத்திலிருந்து வந்த தம்பி நம் ஆள். "அண்ணே, லெட்டர்ல என்ன பதவின்னு பார்க்கமாட்டாங்க, கை என்ன வேலை செய்யுதுன்னுதான் பார்ப்பாங்க" என்றார். சூப்பர்வைசராகவே இருந்தாலும் பாதி நேரத்துக்கு மேல் உடலுழைப்பு என்றால் சட்டப்படி அவர் தொழிலாளிதான். 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஓவர்டைம் உண்டு.

பென்டமியர் ரோட்டில் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில்தான் சமரசப் பேச்சு. சின்ன அறை. கம்பெனி தரப்பில் எச்ஆர் அம்மா, மடிக்கணினி, அந்தக் கடிதத்தின் நகல். என்னிடம் பேஸ்லிப்புகள், அப்புறம் என் கைபேசி. அதில் தினமும் வண்டி எடுக்கும் முன் நான் கையெழுத்துப் போடும் சோதனைத் தாளின் படங்கள். அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "ஒரு ஷிஃப்டில் இவர் எத்தனை மணி நேரம் வண்டியில் இருக்கிறார்?" எச்ஆர் அம்மா மடிக்கணினியைப் பார்த்தார். நான் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். பத்தாவது படத்தில் அந்த அம்மா போதும் என்று கையைக் காட்டிவிட்டு, மேலிடத்துக்கு போன் பண்ண வெளியே போனார்.

1,950 வெள்ளிக்கு முடிந்தது. பிடிவாதமாக நின்று, சமரசம் ஆகாத சம்பள வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கலாம், அங்கே கம்பெனியும் வக்கீலைக் கூட்டி வர முடியாது. ஆனால் எனக்கு 165 வெள்ளிக்காக இன்னொரு நாள் லீவு போட மனமில்லை. ஒப்பந்தத்தை 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள், பணம் வராவிட்டால் அதுதான் பிடி. எனக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

நட்சத்திரம் நாலு. ஒன்றைக் குறைத்தது அதிகாரிக்கு அல்ல, காலக்கெடுவுக்கு. வேலையில் இருக்கும்போது கேட்டால் ஒரு வருடக் கணக்குத்தான், விட்டு வந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். நான் முதல் வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஒரு காசு கிடையாது.

பதவியை ரத்து செய்ய முடியுமா என்றும் தம்பியிடம் கேட்டேன். சிரித்தார். சங்கம் அங்கீகாரம் பெற்ற இடத்தில்கூட பதவி உயர்வு, இடமாற்றம், யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வராதாம். 1968லேயே சட்டம் அதை முதலாளி கையில் கொடுத்துவிட்டது. கடிதம் கொடுப்பது அவர்கள் இஷ்டம், ஓவர்டைமைப் பிடித்தால்தான் தப்பு.

இந்த மாத பேஸ்லிப்பில் எனக்கு 14 மணி ஓவர்டைம் வந்திருக்கிறது. அதே பதவிக் கடிதம் வாங்கிய இன்னும் ஐந்து பேருக்கு அந்த இடம் இன்னும் காலி. நான் கேட்டால், "பார்க்கலாம் அண்ணே" என்கிறார்கள். நேற்று ஒருவன் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோதனைத் தாளை எந்தக் கோணத்தில் படம் எடுத்தால் தேதி தெளிவாக விழும் என்று கேட்டான்.