சாய்த்து ஊற்றும் கிரைண்டரும் உயர மறுத்த வலது தோளும்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள எங்கள் நாலறை வீட்டுச் சமையலறையில் கடந்த ஏழு மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் சாய்த்து ஊற்றும் வகைக் கிரைண்டரைப் பற்றிய மதிப்புரை இது. கிரைண்டரை மதிப்பிடுபவர்கள் வழக்கமாக மாவின் மென்மையையும் மோட்டாரின் வலிமையையும் விலையையும் பார்ப்பார்கள். நானும் அவற்றைச் சொல்வேன். ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியாத நிலையில்தான் நான் இதை வாங்கினேன் என்பதால், ஒரு கை மட்டும் சொன்னபடி கேட்கும் ஒருவருக்கு இந்த இயந்திரம் எவ்வளவு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை முதன்மையாக எழுத விரும்புகிறேன். வாங்குவதற்கு முன் நான் எங்கெங்கோ தேடியும் கிடைக்காத தகவல் அது.

எனக்கு வந்திருப்பதை மருத்துவர்கள் ‘ஃபுரோசன் ஷோல்டர்’ என்கிறார்கள். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியுற்று, தடித்து, சுருங்கிவிடுவதால் கை மெல்ல மெல்லத் தன் வீச்சை இழக்கிறது. நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. எனக்கு வயது 53, நீரிழிவும் உண்டு. முதலில் வலி மிகும் கட்டம், பிறகு வலி சற்றுக் குறைந்து மூட்டு இறுகிப்போகும் கட்டம், கடைசியாகத் தளரும் கட்டம் என்று பலதுறை மருந்தக மருத்துவர் விளக்கியபோது நான் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம் என்றார். உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்பதால் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் தலை பின்னுவது, கொடியில் துணி போடுவது, மேல் அலமாரியிலிருந்து சம்புடத்தை எடுப்பது என்று நாளொன்றுக்கு இருபது முப்பது முறையாவது அந்தத் தோள் தன்னை நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

அப்படி நான் விட்டுக்கொடுத்த வேலைகளில் மனம் ஆறாதது மாவு அரைப்பது. எங்களிடம் முன்பு இருந்த கிரைண்டர் தொட்டியைத் தூக்கி எடுக்கும் வகை. அரைத்து முடித்த பிறகு கல்லும் மாவுமாக அந்தத் தொட்டியை வெளியே எடுத்து, ஒரு கையால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் வழிக்க வேண்டும். ஒருநாள் அப்படித் தூக்கும்போது தோளில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலித்து, தொட்டி மேடையிலேயே சரிந்து, பாதி மாவு தரைக்குப் போனது. அதன்பின் எட்டு மாதங்கள் பெரும்பாலும் கடைப் பொட்டல மாவுதான். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உளுந்தை ஊறவைக்காத வீடு எனக்கு வெறுமையாகப்பட்டது. என் கணவர் அரைத்துத் தருவதாகச் சொன்னார், சில வாரங்கள் அரைத்தும் தந்தார். அது அவருடைய மாவாக இருந்தது. என் கை அதில் படவில்லை என்ற குறை எனக்குத் தீரவே இல்லை.

மேசைக் கிரைண்டர்களில் இரண்டு வகை உண்டு. தொட்டியைத் தூக்கி எடுப்பது ஒன்று. ஒரு பிடியை விடுவித்தால் தொட்டி தாங்கியில் இருந்தபடியே முன்பக்கமாகச் சாய்ந்து மாவைக் கீழேயுள்ள பாத்திரத்தில் ஊற்றுவது மற்றொன்று. இரண்டாவது வகையைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் செய்கின்றன என்பதால் நிறுவனத்தின் பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே பயன் தரும் என்று கருதுகிறேன். நான் வாங்கியது 2 லிட்டர் கொள்ளளவு, 150 வாட் மோட்டார், எவர்சில்வர் தொட்டி, இரண்டு உருளைக் கற்கள் கொண்டது. சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு பாத்திரக் கடையில் 250 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. கோயம்புத்தூரில் செய்யப்பட்டது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஊரில்தான் 1955ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆட்டுக்கல் முன் குத்தவைத்து உட்கார்ந்து குழவியைச் சுற்றிய தலைமுறையின் தோள்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். என் பாட்டி தோள் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. வலித்திருக்காது என்று இனிமேல் நம்பமாட்டேன்.

இந்தியாவிலிருந்து வரும் சில கிரைண்டர்களில் வட்ட முள் பிளக் இருக்கும். மின்னழுத்தம் இரு நாடுகளிலும் 230 வோல்ட் என்பதால் அதில் சிக்கல் இல்லை, பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். “அக்கா, அதை நாங்களே மாத்திக் குடுத்துடுறோம், நீங்க அடாப்டர் போட்டு ஓட்டாதீங்க” என்று கடைக்காரத் தம்பி தானாகவே சொல்லி, 13 ஆம்பியர் பிளக்கைப் பொருத்திக் கொடுத்தார். அந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்த அக்கறைக்காகத்தான்.

வீட்டுக்கு வந்தபின் எங்கே வைப்பது என்பதில் முதல் இரண்டு வாரம் தவறு செய்தேன். சமையல் மேடைமேல் வைத்தேன். அங்கே தொட்டியின் விளிம்பு என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டதால், அரிசியைப் போடவும் நீர் தெளிக்கவும் முழங்கையை உடலைவிட்டு விலக்கித் தூக்க வேண்டியிருந்தது, தோள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு முழங்கால் உயரமுள்ள அகலமான மரப்பலகை ஒன்றில் ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் இறக்கிவைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, மணிக்கட்டை மட்டும் அசைத்து எல்லா வேலையையும் செய்ய முடிந்தது. தோள்வலி உள்ளவர்கள் இந்த வகையை வாங்குவதாக இருந்தால் வைக்கும் உயரத்தை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ள இயந்திரத்தை அடிக்கடி இடம் மாற்ற முடியாது. ஒருமுறை வைப்பதற்கே இருவர் வேண்டும்.

புதுக் கல்லில் முதல் இரண்டு மூன்று முறை பழைய அரிசியை அரைத்துக் கொட்டிவிட வேண்டும், கல்தூள் போகும்வரை. அதன்பின் நான் அரைத்த முதல் உளுந்து 200 கிராம். அதற்குப் பொருத்தமாக 800 கிராம் இட்லி அரிசியும் ஒரு கரண்டி வெந்தயமும் ஊறப்போட்டிருந்தேன். உளுந்தை முதலில் போட்டு, இடது கையால் சிறுகச் சிறுக நீர் தெளித்தேன். பத்து நிமிடம் வரை கற்கள் கரகரவென்று பேசிக்கொண்டிருந்தன. பிறகு ஒலி தடித்து, மெதுவாக ‘சளப் சளப்’ என்று மாறியது. அந்த மாற்றத்தைக் காதால் கேட்டே அடுத்த நீரை எப்போது தெளிப்பது என்று தெரிந்துகொள்வேன், எட்டு மாதங்கள் கழித்தும் காது அதை மறந்திருக்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் மாவு வெண்ணெய்போலப் பொங்கித் தொட்டியின் முக்கால் பாகத்துக்கு வந்துவிட்டது. ஒரு துளியை எடுத்துக் கிண்ணத்து நீரில் விட்டேன். மிதந்தது. மிக்சியில் அரைத்தால் கத்தி வேகமாகச் சுழன்று மாவைச் சூடாக்கிவிடும். கல் மெதுவாக நசுக்கி, காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே அரைப்பதால் உளுந்து இவ்வளவு காணும். அதற்குப் பிறகு அரிசியை இரண்டு தவணையாகப் போட்டேன். 2 லிட்டர் என்று சொன்னாலும் ஒரே முறையில் அரை கிலோவுக்கு மேல் அரிசி போட்டால் கற்கள் திணறுகின்றன.

உளுந்து அரைபடும் அந்த இருபத்தைந்து நிமிடம்தான் இந்தக் கிரைண்டர் எனக்குத் தந்த, நான் சற்றும் எதிர்பார்க்காத பயன். இயன்முறை சிகிச்சையாளர் நாள்தோறும் செய்யச் சொன்ன பயிற்சிகளை நான் பல மாதங்களாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன், தனியாக ஓர் அறையில் நின்று வலியை வரவழைத்துக்கொள்வதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கிரைண்டரை ஓடவிட்டு, இடது கையை மேடையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஊசல்போல முன்னும் பின்னும், பிறகு வட்டமாகவும் ஆட்டுகிறேன். நடுவில் ஒருமுறை நீர் தெளிக்கிறேன். பிறகு குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்துகிறேன். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. வானொலியில் ஒலி 96.8 ஓடிக்கொண்டிருக்கும், ஊறிய வெந்தயத்தின் லேசான கசப்பு வாடை சமையலறை முழுவதும் இருக்கும். வலி அப்போதும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கல்லுக்கு எப்போது நீர் வேண்டும் என்பதில் கவனம் இருப்பதால் வலியை நிமிடத்துக்கு நிமிடம் அளந்துகொண்டிருப்பதில்லை. சுவரில் இருக்கும் கோடுகளில் முதலாவதற்கும் இன்றையதற்கும் இடையே என் ஒரு சாண் அளவு இடைவெளி விழுந்திருக்கிறது.

இந்த நோயின் கொடுமை இரவில்தான் என்பது இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வலப்பக்கம் புரள முடியாது, இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். முன்பெல்லாம் கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது மாவு அரைத்த இரவுகளில் சமையலறைக்குப் போய் மூடியைத் திறந்து பார்க்கிறேன். சிங்கப்பூரின் இரவு 23, 24 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது என்பதால் எட்டு மணி நேரத்தில் மாவு புளித்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்குக் கரைத்து வைத்தது மூன்று மணிக்கெல்லாம் விளிம்புக்கு எழும்பி, மேலே சிறு சிறு குமிழ்களோடு நிற்கும். எல்லாரும் தூங்கும் வீட்டில் எனக்காக ஒன்று விழித்திருந்து வேலை செய்ததுபோல் இருக்கும். விரலால் தொட்டால் மெல்ல அமிழ்ந்து பெருமூச்சு விடும். அதைப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் வெந்நீர் குடித்து, தோளுக்குச் சூட்டுப் பை வைத்துக்கொண்டு படுத்தால் சில இரவுகளில் மறுபடி தூக்கம் வருகிறது.

நீரிழிவு இருப்பதால் இட்லி மூன்றுக்கு மேல் நான் எடுப்பதில்லை. அதனால் அடைக்கும் கேழ்வரகுக்கும் இந்த இயந்திரம் எப்படி என்று பார்த்தேன். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, காய்ந்த மிளகாய், சோம்பு சேர்த்து அடைக்குக் கொரகொரப்பாக அரைப்பதில் இது மிகவும் நேர்த்தி. பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஊறிய முழுக் கேழ்வரகும் நன்றாகவே அரைபட்டது. தேங்காய்ச் சட்னிக்கு இது உதவாது, அளவு சிறியதாக இருந்தால் கற்கள் பிடித்து அரைப்பதில்லை.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும் சாய்க்கும் பிடி. அது இயந்திரத்தின் வலப்பக்கத்தில், வலது கைக்காரர்களை மனத்தில் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. புதிதில் அதன் வில் மிகவும் விறைப்பாக இருந்ததால் இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் இழுக்கும்போது முதுகு திருகியது. நான் கடைசியில் இயந்திரத்தைத் திருப்பி வைத்து, அதன் பின்புறமாக உட்கார்ந்தேன். பிடி என் இடது கைக்கு வந்துவிட்டது, மாவு எனக்கு எதிர்ப்பக்கம் ஊற்றுகிறது. இதற்காக அங்கே தாழ்வான முக்காலியில் பாத்திரத்தை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். ஒரு மாதத்தில் வில் சற்று இளகியது. இரு கைக்கும் பொதுவாக அந்தப் பிடியை வைப்பதில் செய்பவர்களுக்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. இந்த வகையை விரும்பி வாங்குபவர்களில் பலர் கை வலிக்காரர்களும் முதியவர்களும்தானே.

இரண்டாவது, கழுவுவது. ஊற்றும்போது எதையும் தூக்க வேண்டாம் என்பது உண்மை. கழுவும்போது உருளைக் கற்களை வெளியே எடுத்தே ஆக வேண்டும், மாவு படிந்த கல் இடது கையில் வழுக்குகிறது. மாவை ஊற்றியதும் இரண்டு தம்ளர் நீர் விட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டுச் சாய்த்தால் பெரும்பகுதி சுத்தமாகிவிடும். அந்த நீரை அரிசி மாவிலேயே சேர்த்துக் கரைத்துவிடுகிறேன், என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். மீதியை என் கணவர் கழுவித் தருகிறார். தனியாக இருப்பவர்கள் கற்களைத் தொட்டியிலேயே வைத்து நீளமான தூரிகையால் தேய்க்கலாம், ஆனால் வாரம் ஒருமுறையாவது கழற்றாவிட்டால் அச்சுக்குள் மாவு காய்ந்துவிடும்.

சத்தம் மிக்சியைவிடக் குறைவு. ஆயினும் தரையில் அதிர்வு பரவுகிறது, அடுக்குமாடியில் கீழ்வீட்டாரை நினைத்து இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. மின்சாரச் செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல, ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது.

இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் வெறுந்தொட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், வெறுந்தொட்டி எவருக்கும் எளிதாகச் சாயும். அதில் முக்கால் பாகம் நீர் நிரப்பச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, வலி இல்லாத கையால் பிடியை விடுவித்து, நிதானமாக ஊற்றி, மறுபடி நிமிர்த்திப் பூட்டிப் பாருங்கள். நான் வாங்கிய கடையில் அதற்கு முகம் சுளிக்காமல் நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்.