செம்மறியை அடைத்தால் களை போகுமா?

பென்னாகரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மேய்ச்சல் மேடு. கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் முழங்கால் உயரம் நின்ற இடம். இன்று பாதிக்குப் பார்த்தீனியம், வேலியோரம் உண்ணிச்செடி, ஓடைக்கரையில் சீமைக்கருவேலம். "முப்பது செம்மறியை உள்ளே விடு, மொட்டையடிச்சிடும்" என்று யோசனை சொல்லாத ஆள் இல்லை. மருந்தடி என்பவர்களும் உண்டு, ஆள் வைத்துப் பிடுங்கு என்பவர்களும் உண்டு.

ஆட்டு யோசனை வெறும் பேச்சல்ல. அமெரிக்கப் புல்வெளிகளில் மாடு தொடாத ஒரு வகைப் பால்செடியைச் செம்மறி விரும்பித் தின்கிறது. பூப்பதற்கு முன் மந்தையை இறக்கி, புல் அடிவாங்குமுன் வெளியேற்றிவிடுகிறார்கள். களையை ஆடு தின்ன வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. எங்கள் மேட்டில் அதுவே விழுந்துவிடுகிறது.

பார்த்தீனியத்தில் பார்த்தெனின் என்ற நச்சு இருக்கிறது. ஆடு அதை ஒதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் புல்லைத்தான் கரும்பும். புல் போன வெற்றுமண் பார்த்தீனியத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி; ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பசியில் வேறு வழியில்லாமல் உண்ணிச்செடியைத் தின்றால் கல்லீரல் கெட்டு, வெயிலில் தோல் வெந்துபோகும். தோலுக்கே பேர்போன மேச்சேரி ஆட்டை இதற்கா விடுவது? சீமைக்கருவேலம் இன்னும் வேடிக்கை. காயை ஆசையாகத் தின்னும், விதையைப் புழுக்கையோடு மேடெல்லாம் விதைத்துவிடும். காயைப் பொறுக்கி, விதை நொறுங்க அரைத்துத் தீவனமாகப் போடுவது வேறு கதை.

ஊரில் கிடை போடுகிற பெரியவர் சுருக்கமாகச் சொன்னார்: "தம்பி, ஆடு களை பிடுங்க வரல, வயிறு ரொப்ப வருது."

வெள்ளாடு? தலைகுனிந்து மேய்கிற செம்மறியைவிட, எட்டி எட்டிக் கடிக்கிற அது புதருக்குத் தேவலாம். ஆனால் உண்ணிச்செடி நஞ்சு அதையும் விடாது.

மருந்துக்கு வருவோம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும், புல் தப்பிக்கும். தாளில் பார்த்தால் இதுதான் ஜெயிக்கிறது. ஆனால் எங்கள் மேட்டுக்குக் கீழே தக்காளி. காற்றில் துளி பறந்தால் தக்காளி இலை சுருண்டுவிடும். பாலக்கோடு மண்டிக்குப் போக வேண்டிய கூடைக்கு யார் பணம் கொடுப்பது? லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பு கரைத்து, பார்த்தீனியம் பூக்குமுன் அடிப்பது மலிவு. பாதையோரத்துக்குச் சரி, புல் வளர்க்கிற மண்ணில் உப்பைக் கொட்ட எனக்கு மனமில்லை.

கையால் பிடுங்குவது கூலி தின்கிற வேலை, ஆனாலும் என் ஓட்டு அதற்கே. மழை பெய்து மண் இளகியதும், பூ எடுக்குமுன், வேரோடு. பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்ப இறங்க வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே ஆணிவேரை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். டெல்லிப் பேராசிரியர் சி.ஆர். பாபு பரப்பிய முறை இது. வெற்றிடத்தில் கொழுஞ்சியும் துத்தியும் தூவினால் பார்த்தீனியத்துக்கு இடம் குறையும்.

செம்மறிக்கு வேலை அதன்பிறகுதான். வெட்டுக்காயப்பூண்டு மாதிரி இளங்களைகளைத் தின்னும், முற்றிய புல்லைக் கழிக்கும், எருவும் போடும். நாலைந்து நாள் மேய்ச்சல், பிறகு புல் தழையும் வரை ஓய்வு.

பெரியவரிடம் தை மாதம், புல் விதை உதிர்த்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். கருவேலங்காய் தின்ற ஆடு என்றால் உள்ளே விடுமுன் சில நாள் பட்டியிலேயே நிறுத்தணும் என்றேன், வயிற்றில் உள்ள விதை அங்கேயே விழட்டும் என்று. "அத்தனை நாளு தீனி யாரு போடுவா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பேசி முடியவில்லை.